பளபளப்பு ஜாக்கிரதை

பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்குப் போகிற வழியில் உங்கள் வீடு. கொட்டகையில் தாத்தாவின் புல்லட் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து ஒரு கலெக்டர் வருகிறார். மாவட்டக் கலெக்டர் இல்லை, பழைய மோட்டார் சைக்கிள் சேர்ப்பவர். 'இரும்பு விலை கொடுங்க, போதும்' என்று சொல்லித் தொலைக்காதீர்கள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தயாரித்த வண்டி. அங்கே 1970-ல் தயாரிப்பு நின்றுபோனது; இங்கே பிழைத்துக்கொண்டது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். டீகம்ப்ரஸரை அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைக்கணும். தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

இப்போது விற்பனைக்கு வருகிறவற்றில் பல, அந்த வண்டியே இல்லை என்பதுதான் என் புகார். புது டாங்க், கண்ணைப் பறிக்கும் க்ரோம், வேறு எதிலிருந்தோ கழற்றின எஞ்சின். இதற்குப் பெயர் ரெஸ்டோரேஷனாம்! கல்வெட்டு இருக்கிற கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்தார்களே, அதே காரியம்தான்.

சர்க்காருக்கே இது புரிந்திருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டி, சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டக்கூடாது.

வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சின், சேஸிஸ் நம்பர்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்கிறவர்கள் தயவுசெய்து பெயிண்ட் அடிக்காதீங்க. தாத்தாவின் முழங்கால் உரசி டாங்க்கில் சாயம் போயிருக்கிறதே, காசு அதற்குத்தான்.