பால்கனியா, இன்னொரு கேபினா?

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு 2020க்குப் பிறகு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. "எதற்கும் பால்கனி கேபினாகவே எடுத்துவிடுங்கள். நோய் வந்து உள்ளே அடைத்துப் போட்டாலும் காற்றாவது கிடைக்கும்" என்று முகவரும் சொல்கிறார், போய் வந்த உறவினரும் சொல்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னலே இல்லாத உள் கேபினைவிடப் பால்கனி கேபினின் கட்டணம் பல பயணங்களில் ஒன்றரை மடங்கு, சிலவற்றில் இரண்டு மடங்கு. நோய்க்குப் பயந்து இவ்வளவு பணம் கொடுப்பவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

அறிவுரையின் பிறப்பிடம் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகம். டயமண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்து 2020 ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய பயணிக்குக் கோவிட் இருப்பது சில நாள் கழித்துத் தெரியவந்தது. யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட கப்பலில், பிப்ரவரி 5 முதல் பயணிகள் கேபினை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவானது. கப்பலில் 2,666 பயணிகள், 1,045 ஊழியர்கள். முடிவில் 712 பேருக்குத் தொற்று. அந்த இரண்டு வாரங்களில் பால்கனிக்காரர்களுக்கு வெயில் கிடைத்தது, குளிர்காற்று கிடைத்தது, பக்கத்துப் பால்கனியோடு நாலு வார்த்தை பேச முடிந்தது. உள் கேபின்காரர்களுக்கு விளக்கை அணைத்தால் இரவு, போட்டால் பகல். முகக்கவசத்தோடு, குழு குழுவாகச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க அவர்களை விட்டார்கள். இரண்டாவது நாளிலேயே சுவர் நெருக்கத் தொடங்கும் மனிதருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. பால்கனியின் பக்கம் பேசும் ஆதாரங்களில் வலுவானது இதுதான். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இது மனத்துக்குக் கிடைத்த நிம்மதிக்கான ஆதாரம். உடம்பு தப்பியதற்கான ஆதாரம் வேண்டுமென்றால் வேறு கணக்கைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய வல்லுநர் குழு அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு கேபினில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வைத்துத் தொற்று விகிதத்தைப் பிரித்துக் காட்டியிருந்தது. நான்கு பேர் தங்கிய கேபின்களில் 30 சதவீதம், மூவர் தங்கியவற்றில் 22, இருவர் தங்கியவற்றில் 20.6, தனியாகத் தங்கியவர்களில் 8. கதவை அடைத்த பிறகு ஒருவருக்கு மிகப் பெரிய ஆபத்து, உள்ளே கூட இருந்தவர்தான்.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கவும் கூடாது. தனியாகத் தங்கியவர்களில் தொற்று கண்டவர்கள் வெறும் 6 பேர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சதவீதம் எளிதில் ஆடும். தம்பதிகள் சேர்ந்தே சாப்பிட்டிருப்பார்கள், சேர்ந்தே கச்சேரி கேட்டிருப்பார்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் தொற்றியிருக்கலாம். கதவடைப்புக்கு முன்பே கணிசமான பரவல் நடந்துவிட்டது என்று ஜப்பானியத் தொற்றுநோய் நிறுவனமும் சொன்னது. இதையெல்லாம் கழித்த பிறகும் திசை மாறுவதில்லை. இருமுகிற கணவரோடு ஒரே கட்டிலில் பதினான்கு நாள் படுத்திருக்கும் மனைவியைப் பால்கனி எப்படிக் காப்பாற்றும்? கதவைத் திறந்து வைக்கலாம்தான், பிப்ரவரி மாத யோகோஹாமாவில் எவ்வளவு நேரம்? பல கப்பல்களில் அந்தக் கதவு திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும். வெப்ப மண்டலக் கடலில் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் கோவிட் அடைப்பு அபூர்வ நிகழ்வு. கப்பலில் ஒருவர் கேபினுக்குள் அடைபடுவதற்கு வழக்கமான காரணம் நோரோவைரஸ், அதாவது வாந்தியும் வயிற்றுப்போக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு இது வந்தால் அந்தக் கப்பலின் பெயரை வெளியிடுகிறது. நோயாளி குணமாகி 24 மணி நேரமாவது ஆகும் வரை கேபினிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் விஷயம். நோரோ கைவழியாகவும் கதவுப்பிடி, குழாய்த் திருகு வழியாகவும் பரவும். கை சுத்திகரிப்புத் திரவத்துக்குப் பெரிதாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அப்படி ஒரு நோயில், இரண்டு ஆள் நிற்க இடமில்லாத குளியலறையை நோயாளியும் நலமாக இருப்பவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்போது குடும்பத்துக்குத் தேவைப்படுவது இரண்டாவது கழிப்பறை. கடல் காட்சியை யாரும் கேட்கப்போவதில்லை.

பால்கனிக்காரர் நினைத்துப் பார்க்காத இன்னொன்றும் உண்டு. கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய 2021, 2022 காலத்தில், தொற்று உறுதியானவர்களுக்கென்று சில கேபின்களைக் காலியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரிசோதனையில் சிக்கியவர் பெட்டியோடு அங்கே போக வேண்டியிருந்தது. அந்தக் கேபினில் ஜன்னல் இருக்குமா, பால்கனி இருக்குமா என்பது கப்பலைப் பொறுத்திருந்தது. கூடுதலாகக் கொடுத்த பணம் நீங்கள் நோயாளியாகாதவரைக்கும்தான் செல்லுபடி. ஒருவர் நோய்க்காகவே பால்கனி வாங்குகிறார் என்றால், இது அந்த வாதத்தின் அடிமரத்தையே ஆட்டுகிறது.

பால்கனிக்குச் சாதகமான சாட்சி ஸான்டாம் என்ற கப்பல். 2020 மார்ச் 7 அன்று புவனோஸ் ஐரிஸில் புறப்பட்ட அந்தக் கப்பலுக்குத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. மார்ச் 22 முதல் பயணிகள் கேபினுக்குள். கப்பலில் நால்வர் இறந்தார்கள். பனாமாவுக்கு அருகே ராட்டர்டாம் என்ற துணைக்கப்பல் வந்தது. நலமாக இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அதற்கு மாற்றப்பட்டார்கள். இரு கப்பல்களும் ஏப்ரல் 2 அன்றுதான் ஃபுளோரிடாவில் கரை சேர்ந்தன. எப்போது முடியும் என்று தெரியாத இப்படியான அடைப்பில் பால்கனி ஆடம்பரம் அல்ல. துறைமுகங்கள் தூரம் தூரமாக இருக்கும் நீண்ட பயணம், மூடிய அறையைத் தாங்காத மனம்: இரண்டும் சேர்ந்தால் பால்கனிக்கே என் ஓட்டு.

மற்றவர்களுக்கு? இருவர் போகிறார்கள், ஒருவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் அல்லது நுரையீரல் பலவீனம் என்றால், ஒரு பால்கனிக்குப் பதில் அடுத்தடுத்த இரண்டு உள் கேபின்களின் விலையைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். தனியாள் தங்கினால் இரண்டு ஆள் கட்டணம் கேட்கும் வழக்கம் உண்டு. அப்படியும் சில பயணங்களில் மொத்தம் ஒரு பால்கனி கேபினின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். இரண்டு கட்டில், இரண்டு கழிப்பறை, நடுவே ஒரு சுவர். நான்கு பேர் குடும்பம் மடக்குக் கட்டில் போட்டு ஒரே பால்கனி கேபினில் நெருக்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. விளம்பரப் படங்களில் அதுதான் அழகாக இருக்கிறது என்பது வேறு கதை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் கேபின் நடுவாந்தரம்: வெளிச்சம் தரும், காற்று தராது.

குறுகிய பயணங்களுக்கு இந்த யோசனையே மிகை. சென்னையிலிருந்து 2022இல் ஓடத் தொடங்கிய கார்டீலியா எம்ப்ரஸ் 1990இல் கட்டப்பட்ட கப்பல்; அதில் பால்கனி கேபின்களே குறைவு. அதே கப்பலில் 2022 ஜனவரி தொடக்கத்தில், மும்பையிலிருந்து கோவா போன பயணத்தில், 66 பேருக்குக் கோவிட் கண்டபோது சில நாளில் மும்பைக்கே திரும்பிவிட்டது. கரை பக்கத்தில் இருக்கும் பயணத்துக்கு இரட்டைக் கட்டணம் கொடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கேபின் எடுத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். டயமண்ட் பிரின்சஸில் பயணிகள் பதறிக் கேட்டவற்றில் முக்கியமானது மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எடுத்துவந்தது தீர்ந்துபோய், ஆயிரக்கணக்கான சீட்டுகளைப் பிரித்து மருந்து கொடுப்பதற்குள் நாட்கள் ஓடின. பயண நாட்களுக்கு மேல் இரண்டு வார மாத்திரை, மருத்துவர் சீட்டின் நகலோடு, கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் அல்ல. இதற்கு எந்தக் கேபினிலும் கூடுதல் கட்டணம் இல்லை.