வெர்ஷன் 1.0-வில் நின்றுபோன ஹிர்ஷ்மன்

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மனை மேற்கோள் காட்டியிருந்தேன். வேலையை விட்டு வந்த கோபத்தில் எழுதியது. ஒரு நிறுவனம் கெட்டுப்போகும்போது உள்ளே இருப்பவனுக்கு இரண்டு வழிதான்: வெளியேறலாம், இல்லையென்றால் குரல் கொடுக்கலாம். நான் வெளியேறினேன், ஹிர்ஷ்மன் சொன்னபடி. இப்படிப் போகும் அந்தக் கட்டுரை. ஒன்றை மட்டும் அதில் சொல்லவில்லை: அவருடைய புத்தகத்தை நான் அப்போது படித்திருக்கவில்லை. யாரோ எழுதிய சுருக்கத்தைப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

1970-ல் வெளியான 'வெளியேற்றம், குரல், விசுவாசம்' இருநூறு பக்கம்கூட வராத புத்தகம். கூகுள் ஸ்காலரில் அதற்குப் பல பத்தாயிரம் மேற்கோள்கள். பொருளாதாரம், அரசியல், சமூகவியல், மேனேஜ்மென்ட் என்று எல்லாத் துறைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணில் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்ற சந்தேகம் வந்த பிறகுதான் புத்தகத்தை வாங்கினேன்.

புத்தகத்தின் விதை நைஜீரிய ரயில்வே. லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை? சந்தைப் போட்டி வந்தால் சேவை மேம்படும் என்பதுதானே பாடம். ஹிர்ஷ்மனின் பதில் வேறு. தரம் குறைந்தால் சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் முதல் ஆளாக லாரிக்குப் போய்விட்டார்கள். நஷ்டத்தை அரசு தாங்கிக்கொண்டது. கேள்வி கேட்க யாரும் மிஞ்சவில்லை. அதாவது, கிளம்புவது எவ்வளவு சுலபமோ அந்த அளவுக்குக் குரல் பலவீனமாகும். என் ராஜினாமாவுக்கு நியாயம் சொல்வதாக நான் நம்பிய புத்தகம், உண்மையில் என்னைத்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது.

புத்தகத்திலும் குறை உண்டு. தலைப்பில் இருக்கும் மூன்றும் சமமானவை இல்லை. விசுவாசம் மூன்றாவது வழியே கிடையாது, வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டு குரலுக்கு நேரம் வாங்கித் தரும் ஒரு பிடிமானம், அவ்வளவே. ஆனால் தலைப்பு மூன்றையும் வரிசையாக அடுக்கிவிட்டது. புத்தகம் இவ்வளவு தூரம் பயணித்ததற்கும், இவ்வளவு மேலோட்டமாகப் பயன்பட்டதற்கும் அந்தக் கச்சிதமான தலைப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. 1989 கோடையில் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்ததும் ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் அந்த வழியாக வெளியேறினார்கள். ஹிர்ஷ்மனின் கோட்பாட்டுப்படி ஊரில் குரல் அடங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருக்களில் ஏறத்தாழ 70,000 பேர் திரண்டார்கள். போகிறவர்களைப் பார்த்துத்தான், இருப்பவர்கள் 'நாங்கள் இங்கேயே இருப்போம்' என்று கத்தத் துணிந்தார்கள். நவம்பர் 9-ல் சுவர் திறந்தது. 1933-ல் பெர்லினை விட்டு வெளியேறிய ஹிர்ஷ்மன், 1993-ல் 'வேர்ல்ட் பாலிடிக்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார். வெளியேற்றமும் குரலும் ஒன்றையொன்று தின்பவை என்று தான் சொன்னது எப்போதும் பொருந்தாது, இரண்டும் கைகோக்கவும் முடியும் என்று தன்னையே திருத்திக்கொண்டார்.

அந்தத் திருத்தத்துக்கு வந்த மேற்கோள்கள் 1970 புத்தகத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எல்லோரும் வெர்ஷன் 1.0-வை இன்ஸ்டால் பண்ணி அதிலேயே பின் பண்ணி வைத்திருக்கிறார்கள். எழுதியவரே பக் இருக்கிறது என்று அடுத்த வெர்ஷன் விட்டும் யாரும் அப்டேட் பண்ணவில்லை. டவுன்லோடு எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

எச்-இண்டெக்ஸும் இதைக் காட்டாது. 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டுவந்த கணக்கு அது. (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.) தலா 20 மேற்கோள் வாங்கிய 20 கட்டுரைகள் இருந்தால் மதிப்பு 20. தலா 10,000 வாங்கிய ஐந்து புத்தகங்கள் மட்டும் இருந்தால் மதிப்பு வெறும் 5. பழைய கருத்தைத் திருத்தியதற்கு அதில் தனி மார்க் கிடையாது.

ஹிர்ஷ்மனுக்கு இந்த வேடிக்கை பழக்கமானதுதான். ஒரு நாட்டின் வணிகம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க 1945-லேயே ஒரு குறியீட்டெண் உருவாக்கினார். அது ஜீனி பெயரிலும் ஹெர்ஃபிண்டால் பெயரிலும் புழங்கியது. 1964-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி, அது தன் பிள்ளை என்று சொல்ல வேண்டியிருந்தது. மேற்கோள் வழியாகத்தான் ஒரு கருத்து யாருடையது என்று உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவும் இப்படித் தப்பும்.

அதற்காக எண்ணிக்கையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எது பரவியது என்று அது காட்டுகிறது. எது படிக்கப்பட்டது என்று நாம்தான் பார்க்க வேண்டும். என் பழைய கட்டுரையிலிருந்து ஹிர்ஷ்மன் பெயரை நான் எடுக்கவில்லை. '1993 கட்டுரையையும் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். 'ஹிர்ஷ்மன் சொன்னபடி' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அழித்தேன். வேலையை விட்டது என் முடிவு. அதை அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.