வெளியில் எழும் வடிவம்: கனவெளிக் காட்சியின் மரபுகளும் அளவுகோல்களும்

கணினித் திரையில் முப்பரிமாணம் என்று நாம் பார்ப்பது தட்டைப் பரப்பில் வரைந்து காட்டிய ஆழம். கனவெளிக் காட்சியில் ஆழம் வரையப்படுவதில்லை. அது உள்ளபடியே இருக்கிறது. ஒரு கோளத்தைக் காட்டினால் அதன் உச்சியும் அடியும், முன்புறமும் பின்புறமும் அதனதன் இடத்தில் ஒளிர்கின்றன. தனிக் கண்ணாடி அணியாமல் பார்க்கலாம். பல கருவிகளில் சுற்றி வந்தும் பார்க்கலாம். கண் குவியும் தொலைவும் இரு விழிப் பார்வைகள் சந்திக்கும் தொலைவும் இங்கே ஒன்றே. முப்பரிமாணத் திரைப்படம் கண்ணைக் களைப்பாக்குவதற்கு அவ்விரண்டும் அங்கே பிரிந்து நிற்பது ஒரு முக்கியக் காரணம்.

இப்படி வெளியில் ஒளிரும் ஒவ்வொரு புள்ளிக்கும் வாக்சல் என்று பெயர். அதை வெளியில் எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகளிலிருந்தே இத்துறையின் மரபுகள் கிளைத்தன.

இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரியும். மூத்த மரபு இந்த உண்மையை நம்பி எழுந்தது. கனவெளிக் காட்சிக்கான எண்ணத்துக்குப் பிரான்ஸில் லூஸி, டுப்வி என்ற இருவர் 1912-லேயே காப்புரிமை கோரினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கெட்ச்பெல் வெற்றிடக் குழாய்க்குள் பாஸ்பர் பூசிய திரையைச் சுழலவிட்டு, எலெக்ட்ரான் கற்றையால் அதில் புள்ளி வைத்தார். இம்மரபின் உச்சம் என்று நான் மதிப்பது, கிரெக் ஃபவலோரா நிறுவிய ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் 2000-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் உருவாக்கிய பெர்ஸ்பெக்டா. பத்து அங்குல விட்டமுள்ள படம். சுற்றிலும் தெளிவான குவிமாடம். உள்ளே சுழலும் ஒரு திரை. வடிவத்தை அச்சின் வழியாக 198 தளங்களாக வெட்டி, திரை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தத் தளத்தை அதன்மேல் வீழ்த்துவார்கள். ஒவ்வொரு தளத்திலும் 768-க்கு 768 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 11 கோடியைத் தாண்டுகிறது. கனம் முழுவதையும் நொடிக்கு 24 முறை புதுப்பிக்க, நொடிக்கு ஐயாயிரத்தை நெருங்கும் தளங்களை ப்ரொஜெக்டர் வீச வேண்டும். அந்த வேகத்தில் ஒரு புள்ளிக்கு, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் ஏற்றவோ அணைக்கவோ மட்டுமே நேரம் கிடைக்கும். ஆகவே அடிப்படை நிறங்கள் எட்டுதான். இடைப்பட்ட சாயல்களைப் புள்ளிகளைக் கலந்து தூவிக் காட்டினார்கள்.

வடிவம் வரைபவரின் திறமை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. எல்லாத் தளங்களும் அச்சில் கூடுவதால் நடுவில் வாக்சல்கள் நெருங்கிக் கிடக்கும், விளிம்பில் விலகி நிற்கும். கணக்கைத் திருத்தாமல் வரைந்தால் ஒரே நிறக் கனசதுரமும் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தெரியும். சாய்ந்த கோடு ஒன்று தளங்களுக்கு இடையே விட்டுப்போகாமல் ஓட வேண்டும். தட்டைத் திரைக்குப் பழகிய நிரல்கள் பார்வையாளருக்குத் தெரியாத முகங்களை வீசி எறிந்துவிடும். இங்கே பார்வையாளர் எந்தப் பக்கமும் நிற்கலாம் என்பதால் எந்த முகத்தையும் எறிய முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒளியின் மேல் ஒளி விழுந்தால் கூடுமே தவிர மறையாது. முன்னால் ஒளிரும் புள்ளி பின்னால் ஒளிரும் புள்ளியை மறைக்காது. எனவே முகம் ஒன்றைக் காட்டினால் கன்னத்தின் ஊடே பின்மண்டையும் தெரியும். இதைக் குறையென்று எண்ணி எதிர்த்துப் போராடிய ஒரு கிளை உண்டு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜோன்ஸ், பால் டெபெவெக் குழுவினர் 2007-இல் சுழலும் கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு 1.25 பாகைக்கும் ஒரு பார்வையாக 288 பார்வைகளை வெவ்வேறு திசையில் அனுப்பினார்கள். முன்னது பின்னதை மறைத்தது. திடப்பொருள் திடமாகவே தெரிந்தது. அருமையான வேலை. ஆனால் அங்கே வாக்சல் இல்லை, திசைக்கொரு படம்தான் இருக்கிறது. அதை இந்த மரபில் சேர்க்கலாமா என்றால், உறவினர் என்று சொல்வேன், உடன்பிறப்பு என்று சொல்லமாட்டேன்.

ஊடுருவித் தெரிவதைக் குறையாக நினைப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து. மூளையின் இரத்தக் குழாய்கள், வானில் விமானங்களின் பாதைகள், மூலக்கூறின் எலும்புக்கூடு ஆகியவற்றுக்கு ஊடுருவல் ஒரு வரம். நல்ல வரைவாளர் எதை ஒளிர விடுவது என்பதைவிட எதை இருட்டில் விடுவது என்றே அதிகம் யோசிப்பார்.

நிலைத்த கன மரபில் எதுவும் சுழலாது. 1996-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் டவுனிங் அருமண் தனிமங்கள் கலந்த ஃபுளோரைடு கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அகச்சிவப்பு லேசர்களைச் செலுத்தினார். அவை வெட்டும் இடத்தில் மட்டும் ஒளி பிறந்தது. பிரசியோடைமியம், எர்பியம், தூலியம் முறையே சிவப்பு, பச்சை, நீலம் தந்தன. கொள்கை அளவில் இதைவிடத் தூய வழி எனக்குத் தெரியவில்லை; பெரிதாக்குவதுதான் கடினம். லைட்ஸ்பேஸ் நிறுவனத்தின் டெப்த்கியூப் வேறு பாதையில் போனது. வரிசையாக இருபது திரவப் படிகத் தகடுகள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் பால்போல் வெளுத்துப் படத்தைத் தாங்கும், மற்றவை தெளிந்து நிற்கும். இருபது அடுக்கு மிகக் குறைவு. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே விழும் புள்ளியின் ஒளியை இரண்டுக்கும் தொலைவுக்கேற்பப் பங்கிட்டார்கள். கண் படிக்கட்டைக் காணாமல் சரிவைக் கண்டது. கருவியின் குறையை வரைவுக் கலை ஈடுசெய்ததற்கு இதைவிட நல்ல சான்று சொல்ல முடியாது. என்ன, முன்புறமிருந்து மட்டுமே பார்க்க முடியும்.

இளைய மரபு கண்ணாடியையும் திரையையும் விட்டு வெறும் காற்றுக்கு வந்துவிட்டது. 2018 ஜனவரியில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்மாலி குழு, லேசரில் சிக்கிய ஒரு செல்லுலோஸ் துகளை வெளியில் இழுத்துச் சென்று, போகும் வழியெல்லாம் அதற்கு நிறம் ஊட்டியது. ஹாலோகிராமைப் பார்க்கும்போது பார்வைக்கோடு அதன் தகட்டின் எல்லைக்கு வெளியே போனால் படம் வெட்டுப்படும். இங்கே அந்த எல்லை இல்லை. 2019-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்ரமணியன் உள்ளிட்டோர் மீயொலியால் ஒரு பாலிஸ்டைரின் மணியை மிதக்கவிட்டுப் படம் வரைந்தார்கள். அதே மீயொலி காதுக்குக் கேட்கும் ஒலியையும் கைக்குத் தட்டுப்படும் தொடுவுணர்வையும் தந்தது. ஒரே துகள் எல்லாப் புள்ளிக்கும் போக வேண்டும் என்பதால் வரைவு என்பதே பயணத் திட்டமாக மாறுகிறது. கையெடுக்காமல் போடும் கோடு எது, எந்த மூலையில் வேகம் தணிய வேண்டும், கண்ணில் நிலைத்த பிம்பம் மறைவதற்குள் சுற்று முடியுமா என்றெல்லாம் கணக்கிட வேண்டும். கோட்டுருவம் வரும், நிரம்பிய பரப்பை விரும்பினால் படம் மிகச் சிறியதாகிவிடும், அல்லது கேமராவை நெடுநேரம் திறந்துவைத்துத்தான் காண முடியும்.

அளவுகோல் என்று வரும்போது எல்லோரும் வாக்சல் எண்ணிக்கையை முன்னால் நீட்டுகிறார்கள். பெர்ஸ்பெக்டாவின் 11 கோடியையும் டெப்த்கியூபின் ஒன்றரைக் கோடியையும் பக்கத்தில் வைத்து உயர்வு தாழ்வு சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒன்று சுற்றி நிற்கும் பலருக்காக. மற்றது எதிரே அமர்ந்திருப்பவருக்காக. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கதிர்வீச்சு சிகிச்சைத் திட்டமிடலுக்குப் பெர்ஸ்பெக்டாவை எடுத்துக்கொண்டவர்கள், கருவி காட்டும் அளவுகள் உண்மை அளவுகளோடு பொருந்துகின்றனவா என்பதைச் சோதிக்கும் முறைகளைத் தாங்களே வகுத்தார்கள். கதிர் எந்த வழியே கட்டியைச் சேர்கிறது, வழியில் எந்த உறுப்பைத் தொடுகிறது என்பதைப் பார்க்க வந்தவர்களுக்கு வாக்சல் எத்தனை கோடி என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது. புதிதாக வரும் துகள் கருவிகளையும் நான் அந்தச் சோதனைக்கே உட்படுத்தச் சொல்வேன்: நீளம் தெரிந்த ஒரு கோட்டை வரையச் செய்து, பல திசைகளிலிருந்தும் அதை அளந்து பார்க்க வேண்டும்.