மயிற்பொறியும் உருமாறும் வீரனும்

காப்பியத்தின் சிறப்பை அதன் தலைவனைக் கொண்டு அளப்பது அறிஞர் வழக்கம். எனினும், ஒரு கதை தன் சிறு பாத்திரங்களை எங்ஙனம் நடத்துகின்றது என்பதிலேயே அதன் உள்ளக்கிடக்கை தெளிவாகப் புலப்படும். தலைவனைப் போற்றுதல் எல்லாக் கதைக்கும் எளிது. அவனை வாழவைத்துவிட்டு ஒதுங்கிய துணையை மறவாதிருத்தல் சில கதைகளுக்கே கைவரும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று ஈறாகவுள்ள கரையோர மக்கள் இவ்வுண்மையை நன்கறிந்தவர்கள். அவர்கள் பேணிவரும் கூத்தில் அரசன் மட்டுமன்றிப் பிற பாத்திரங்களும் தமக்குரிய வரவுப் பாட்டோடும் ஆட்டத்தோடுமே களரி ஏறுதல் மரபு.

இவ்வளவுகோலைக் கொண்டு இக்காலத்துக் கதையொன்றையும் அளந்து பார்க்கலாம். அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிலும் பிற நகரங்களிலும் சிறுவர் விரும்பும் விளையாட்டுப் பொருள்களுள் உருமாறும் பொம்மை ஒன்று. கையால் மடக்கினால் அது கார். நிமிர்த்தினால் மனிதவடிவ எந்திரம். இவ்வகைப் பொம்மைகள் யப்பானில் டக்காரா நிறுவனத்தாரால் முதலிற் செய்யப்பட்டவை. 1980இல் வெளிவந்த டயக்குளோன் வரிசையில் இவை வெறும் ஊர்திகளே. உள்ளிருந்து செலுத்தச் சிறு மனிதவுருவங்கள் இருந்தன. அமெரிக்க நிறுவனமாகிய ஹாஸ்புரோ இவற்றைப் பெற்று 1984இல் டிரான்ஸ்போர்மர்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்போது ஓட்டுநர் நீக்கப்பட்டனர். ஊர்திகளுக்கே பெயரும் குணமும் பேச்சும் வழங்கப்பட்டன. மார்வல் நிறுவனத்தைச் சேர்ந்த பொப் பூடியான்ஸ்கி என்பார் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் குணவரலாறு எழுதினார்.

தமிழிலக்கண நெறியில் நோக்கின், அஃறிணையாயிருந்தது உயர்திணையாயிற்று என்க. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை உவப்பின்பாற்பட்ட திணைவழுவமைதியாக நம் இலக்கணிகள் ஏற்றனர். அங்கே திணையை மாற்றியது அன்பு. இங்கே மாற்றியது வணிகம். ஆயினும் சிறுவர் அதனை அன்பாகவே ஏற்றுக்கொண்டனர்.

இக்கதையில் நன்மையின் பக்கம் நின்று போரிடுவோர் ஓட்டோபொட்டுகள். தலைவன் ஒப்டிமஸ் பிறைம். அவர்களுள் வீல்ஜாக் என்பான் ஒரு சிறு வீரன். அவன் கம்மியன்; பந்தயக் காராக உருமாறுபவன்; பேசும்போது தலையின் இருமருங்கும் ஒளி மின்னுபவன். புதியன புனைவதில் தணியாத வேட்கையுடையவன். புனைந்தவை சில வேளை வெடித்துச் சிதறினாலும் அவன் ஊக்கம் சிதறுவதில்லை. டைனோபொட்டுகள் எனப்படும் பெருவிலங்கு வடிவ வீரரை ராட்செற் என்னும் மருத்துவனோடு சேர்ந்து படைத்தவனும் அவனே.

1986இல் இக்கதை திரைப்படமாயிற்று. கடைகளிற் பழைய பொம்மைகள் நீங்கிப் புதியவை இடம்பெற வேண்டியிருந்தமையால், பழைய வீரர் பலர் அப்படத்திற் கொல்லப்பட்டனர். தலைவனுக்கு நீண்ட மரணக்காட்சி கிடைத்தது, சிறுவர் அழுதனர், 1987இல் தொலைக்காட்சித் தொடரில் அவன் மீண்டும் உயிர்பெற்றான். வீல்ஜாக்குக்கோ மரணக்காட்சிதானும் இல்லை. போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் உடலாகச் சில நொடிகள் தோன்றுகின்றான், அவ்வளவே. அவன் எவ்வாறு போரிட்டான், யாரைக் காத்து வீழ்ந்தான் என்பன கூறப்படவில்லை. அவன் படைத்த டைனோபொட்டுகள் அதே படத்தில் தொடர்ந்து போர்புரிகின்றன. படைத்தவனுக்காகப் புலம்புவார் எவருமிலர். பெயர், உருவம், குணம், பேச்சு யாவும் தந்த கதை, நினைவை மட்டும் தர மறுத்துவிட்டது.

இனி, தமிழ்க் காப்பிய உலகிற் புகுவோம். எந்திரம் தமிழ்க் கதைக்குப் புதியதன்று. கொங்குவேளிரின் பெருங்கதையில் வீரரை உள்ளே கரந்த எந்திர யானை உதயணனைச் சிறைப்பிடிக்கும் சூழ்ச்சிக்குப் பயன்பட்டது. அது வஞ்சனைக் கருவி. அதற்கு மறுதலையாக நிற்பது, உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவகசிந்தாமணியின் மயிற்பொறி.

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், விசயையின் மீதுற்ற காதலால் அரசியலைக் கட்டியங்காரன் என்னும் அமைச்சனிடம் ஒப்புவித்தான். பின் விசயை கண்ட கனவு வரவிருக்கும் கேட்டை உணர்த்தவே, தச்சன் ஒருவனை அழைத்து வானூர்தி சமைக்கச் செய்தான். துணியும் நூலும் அரக்கும் மெழுகும் பிறவும் கொண்டு ஏழு நாளில் அத்தச்சன் மயிலொன்றை இயற்றினான் என்கிறார் திருத்தக்கதேவர். பொறியை வலப்பக்கம் திருகினால் அது முகிலைக் கிழித்துப் பறக்கும். இடப்பக்கம் திருகினால் தரையிறங்கிக் காலை மடக்கி அமரும். பறத்தலும் அமர்தலுமாகிய இருநிலையே அதன் உருமாற்றம். அரண்மனை முற்றுகையிடப்பட்டபோது கருவுற்ற தேவியை அதிலேற்றி அனுப்பிவிட்டு, மன்னன் போர்க்களம் புகுந்து மாண்டான். பகைவனின் வெற்றிமுரசு வானிடை ஒலிக்கக் கேட்ட விசயை உணர்விழந்தாள். மயில் நகர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான்.

மயிற்பொறியின் தொழில் இத்துடன் முடிந்தது. முதல் இலம்பகத்திலேயே அது கதையினின்று நீங்குகின்றது. அதற்குப் பெயரில்லை, பேச்சில்லை, மனமுமில்லை. எனினும், அஃது இன்றேல் சீவகன் இல்லை. சீவகன் இன்றேல் பதின்மூன்று இலம்பகங்களும் இல்லை. வீல்ஜாக்குக்குக் கதை தந்தவை எல்லாம் மயிலுக்கு இல்லை. ஆயின் வீல்ஜாக்குக்குக் கிட்டாத ஒன்று மயிலுக்குக் கிட்டியது. ஆண்டுகள் பல கழிந்து, மகன் அரியணை ஏறிய பின்னர், விசயை பழைய உதவிகளை எண்ணிப் பார்க்கின்றாள். சுடுகாட்டில் தோழியுருவில் வந்து தன்னைக் காத்த தெய்வத்துக்குப் பதி அமைக்கின்றாள். அத்துடன் நில்லாது மயிலுக்கும் பதி அமைக்கின்றாள். தன் கண்ணிற் படுமாறு மாடத்தில் உருவெழுதவும் செய்கின்றாள். தெய்வத்துக்கும் எந்திரத்துக்கும் ஒரே மூச்சில் நன்றி செலுத்தும் இவ்விடம், இறுதியாகிய முத்தி இலம்பகத்தில் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. உலகப்பற்று அறுமுன் தீர்க்கப்படும் கடன்களுள் ஒன்றாகப் புலவர் இதனை வைத்தார் போலும்.

மனமில்லாத பொறிக்கு வீரமும் நன்றியும் உரியனவோ என்று வினவலாம். நன்றி, பெறுபவரின் தகுதியை மட்டும் பொறுத்ததன்று. செலுத்துபவரின் பண்பையே முதலிற் காட்டுவது. மயில் தனக்குச் செய்யப்பட்ட சிறப்பை அறியாது. அறியாத ஒன்றுக்குச் செய்த சிறப்பாதலாலேயே விசயையின் நன்றி கைம்மாறு கருதாததாகத் தூய்மையுறுகின்றது.

ஆயினும் நடுவுநிலை திறம்பாது கூறுமிடத்து, சிந்தாமணியிலும் ஒரு குறை உண்டு. மயிலை நினைத்த தேவி, அதனை இயற்றிய தச்சனை நினைத்ததாகக் காப்பியம் கூறவில்லை. அவன் பெயரும் தெரியவில்லை. வீல்ஜாக் போலவே அவனும் பிறரைக் காக்கும் கருவியைப் படைத்துவிட்டு மறைந்துபோன கம்மியன். பத்து நூற்றாண்டு இடைவெளியும் கடல்களும் பிரித்த இரு கதைகளும் கைவினைஞனை மறப்பதில் ஒன்றுபடுகின்றன. கருவியைப் போற்றும் உலகம் கருவி செய்த கையை எளிதில் மறந்துவிடும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

எனினும், இரண்டு மறதியும் ஒருதரத்தன அல்ல. காப்பியம் மறந்தது சொல்லாது விட்டதனால். பொம்மைக்கதை மறந்தது விற்றுத் தீர்ந்ததனால். துணைநின்றவர் பயன் முடிந்தவுடன் அகற்றப்பட வேண்டியவர் என்ற பாடம் சிறுவர் நெஞ்சில் அறியாமலே ஊன்றப்படுமாயின், அது சிறு தீங்கன்று. நல்லூழாகச் சிறுவர் அப்பாடத்தை எளிதிற் கற்பதில்லை. கையொடிந்த பழைய பொம்மையை எறிய மனமின்றித் தலையணைக்கருகே வைத்துறங்கும் குழந்தை, தானறியாமலே மாடத்தில் மயிலெழுதிய விசயையின் வழிநிற்கின்றது.