குடியுரிமை இழப்பும் உள்நாட்டுப் போரும்: மலையக, ஈழப் புனைகதைகள் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் ‘போர் இலக்கியம்’ என்னும் வழக்குப் பெரும்பாலும் 1983-க்குப் பிந்தைய ஈழப் படைப்புகளையே சுட்டுகின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டவை ‘மலையக இலக்கியம்’ எனத் தனியே வைத்து ஆராயப்படுகின்றன. இப்பகுப்பு ஆய்வு வசதிக்கு உதவுவதே. ஆயினும், உள்நாட்டுப் போருக்கு வழிகோலிய உரிமையிழப்பு எப்போது, யாரிடமிருந்து தொடங்கிற்று என்னும் வினாவை அது மறைத்துவிடுகின்றது. இவ்விருவகைப் புனைகதைகளையும் இணைத்து நோக்குவதும், அவை கூறும் வாழ்வைக் கேரளத்தின் ஆனைக்கரை, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மலைப்பகுதித் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றோடு ஒப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஒரே வேர்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கின்றது. பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்த நாவலோ, அதே சீமையின் கருப்பனையும் வள்ளியையும் ஆனைமலைத் தோட்டத்திற்குக் கொண்டு செல்கின்றது. ஆனைமலை, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை ஒட்டிய மலைத்தொடராகும். இரு படைப்புகளிலும் பஞ்சமும் சாதியும் மனிதரை ஊரிலிருந்து பெயர்க்கின்றன. முன்பணக் கடன் அவர்களைத் தோட்டத்தில் கட்டிப்போடுகின்றது. ஆள் சேர்ப்பவர் அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. வரிசை வீடு அங்கே லயன், இங்கே லயம். பெயர் வேறுபடினும் முறை ஒன்றே. இவ்வொற்றுமையே ஒப்பீட்டிற்கு அடிப்படையாகின்றது. ஒரே நிலத்திலிருந்து ஒரே காரணத்தால் பெயர்ந்த மக்கள், இரு நாடுகளில் வெவ்வேறு அரசியல் விதிகளுக்கு ஆளாயினர்.

சட்டம் பறித்த உரிமை

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை மலையகத் தமிழர் வாக்களித்தனர். தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அவ்வாறு சென்றவருள் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். மறு ஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் (1948) அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் நீக்கியது. தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கு இச்சிக்கல் ஒரு முதன்மைக் காரணம். வடக்கின் தனி அரசியல், மலையகத்தின் வாக்குச்சீட்டு பறிபோன இடத்திலிருந்தே கிளைத்தது என்பது இதனால் புலப்படும்.

வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலை இப்பின்னணியில் வாசித்தல் வேண்டும். தொழிற்சங்கம் அமைக்க முற்பட்ட தொழிலாளி ஒருவன் தோட்டத்திலிருந்து துரத்தப்படுவதே அதன் மையம். மேலோட்டமாக நோக்கின் அது முதலாளி–தொழிலாளி முரண்பாட்டுக் கதையாகவே தோன்றும். ஆயின், வாக்குரிமையற்றவனுக்குத் தோட்டத்தை விட்டால் முறையிட வேறு மன்றமில்லை. லயத்தை இழப்பவன் நாட்டையே இழந்தவனாகிறான். தலைப்பில் உள்ள ‘வீடு’ இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கின்றது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

போருக்குள் மலையக மக்கள்

1977-ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வன்னியின் எல்லைப்புறக் காடுகளில் குடியேறின. அவர்களைக் குடியமர்த்தும் பணியில் காந்தீயம் இயக்கம் ஈடுபட்டது. அதன் அமைப்பாளர் மருத்துவர் இராஜசுந்தரம் கைது செய்யப்பட்டு, 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிரிழந்தார். அப்படுகொலையை ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) நாவல் சித்திரிக்கின்றது. குடியுரிமைச் சிக்கலும் போரும் ஒரே சிறைக்கூடத்தில் சந்தித்தன எனலாம்.

சயந்தனின் ‘ஆதிரை’ (2015) இத்தொடர்பைப் புனைவின் முதுகெலும்பாகவே ஆக்கிக்கொண்டது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோரின் குடியிருப்பில் தொடங்கும் அந்நாவல், 2009 மே மாதப் பேரழிவு வரை நீள்கின்றது. எல்லைக் கிராமத்தில் குடியேறியவரே தாக்குதலுக்கு முதலில் இலக்காகின்றனர். நிலமற்றவரின் பிள்ளைகளே போருக்கு எளிதில் இரையாகின்றனர். போர் எல்லாரையும் ஒன்றுபோல் அழிப்பதில்லை என்பதும், சமாதானக் காலத்து ஏற்றத்தாழ்வே போர்க்காலத்து மரணத்தையும் பங்கிடுகின்றது என்பதும் இந்நாவலின் சிறந்த வெளிப்பாடுகள். பாத்திரப் பெருக்கத்தால் இறுதிப் பகுதியில் தனி முகங்கள் பொதுத் துயரில் கரைந்துவிடுதல் கலை நோக்கில் ஒரு குறையே. எனினும், மலையக இலக்கியத்திற்கும் போர் இலக்கியத்திற்கும் இடையிலிருந்த வேலியை அது அகற்றியது என்பதில் ஐயமில்லை.

இயக்கமும் குடிமகனும்

அரசின் அடக்குமுறையை மட்டும் கூறின் இவ்வாராய்ச்சி முழுமை பெறாது. 1979-இல் தற்காலிகமாக இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் ஆறாவது அரசமைப்புத் திருத்தம் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினரின் நாடாளுமன்ற இடங்கள் பறிபோக வழிசெய்தது. இவ்வாறு அரசு அறவழி அரசியலின் கதவுகளை அடைத்தபோது, ஆயுத இயக்கங்கள் தம்முள் மாற்றுக் கருத்தின் கதவை அடைத்தன. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) இயக்க முகாமுக்குள் நிகழ்ந்த சித்திரவதையை வெளிப்படுத்தியது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) போராளியின் நோக்கிலிருந்து அதே கேள்வியை எழுப்பியது. ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒரு மக்கட்பிரிவை ‘இங்குள்ளோர் அல்லர்’ என விலக்கும் 1948-ஆம் ஆண்டின் தருக்கம், ஒடுக்கப்பட்டோரின் கையிலும் மீண்டும் உயிர்பெற்றது. புனைகதைகள் அஞ்சாது பதிவுசெய்த உண்மை இதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மாற்று அனுபவம்

இனி, ஒரே வேரின் மற்றொரு கிளையாகிய இடுக்கி மலைகளை நோக்கலாம். மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டு 11-இல் தென் திருவிதாங்கூரில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர் உயிரிழந்தனர். அதற்காகத் தம் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என ராம் மனோகர் லோகியா வற்புறுத்தினார். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழர் நிலையற்ற மக்கள்தொகையினர் என்னும் வாதம் இங்கும் எழுந்தது. இலங்கையில் ஒலித்ததும் அதே வாதமே. ஆனால் இங்கு அவர்கள் இழந்தது தாம் விரும்பிய மாநிலத்தை, வாக்குச்சீட்டை இழக்கவில்லை.

இவ்வேறுபாட்டின் பயன் பெரிது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் 20 விழுக்காடு போனஸ் கோரி, தொழிற்சங்கத் தலைமைகளையும் எதிர்த்துப் போராடி வென்றனர். ‘வீடற்றவன்’ நாயகனுக்குக் கிட்டாத மன்றம் அவர்களுக்கு இருந்தது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, ஆனைக்கரையை உள்ளடக்கிய ஏலமலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் தேனி மாவட்டத்திற்குத் தப்பி வந்தனர். மாநிலங்களுக்கிடையே பூசல் எழும்போதெல்லாம் அதன் முதற்சுமை கூலித் தொழிலாளர் தலையிலேயே விழுகின்றது.

முடிவுரை

குடியுரிமை நீக்கம் போரின் பின்விளைவாக நிகழவில்லை. போருக்குச் சில பத்தாண்டுகள் முன்னரே சட்டத்தின் வாயிலாக நிகழ்ந்தது. இலங்கையில் எஞ்சியிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. ஆயினும் போரால் கடல் கடந்து வந்து தமிழக முகாம்களில் வாழும் மலையக வழியினர் பலர் இன்றும் நாடற்றோரே. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரை உட்படுத்தவில்லை. முன்னோர் புறப்பட்ட மண்ணிலேயே பெயரர் அயலாராக நிற்கின்றனர். ‘துன்பக்கேணி’ தொடங்கி ‘ஆதிரை’ வரை ஒரே தொடராக வாசிக்கும்போதுதான் இக்கொடுமையின் முழு நீளமும் புலனாகும். போர் இலக்கியப் பாடத்திட்டம் 1983-இலிருந்து தொடங்காமல், லயத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.