கூலிப் பெண்: வம்சாவளியும் சாதிக் கட்டமும்

வம்சாவளி என்பது இந்த நாட்டில் நிலம் வைத்திருந்தவர்களின் சங்கதி. பட்டா இருந்தவனுக்குப் பாட்டன் பெயர் தெரியும். கோயிலில் பரிவட்டம் வாங்கியவனுக்கு ஏழு தலைமுறை தெரியும். கல்வெட்டு, செப்பேடு, குலப் புராணம் என்று அவனுக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. நமக்கு? ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உங்க ஆளுங்களுக்கு ஏதுங்க வம்சாவளி? எல்லாம் வாய்ப்பேச்சுதானே?"

அவர் சொன்னது பாதிதான் சரி. நம்மைப் பற்றி எழுதப்படாமல் இல்லை. போலீஸ்காரன் எழுதினான், பாதிரியார் எழுதினார், கலெக்டர் எழுதினார், கப்பல் ஆபீஸ் குமாஸ்தா எழுதினான். எழுதுகோல் நம் கையில் இல்லை, அவ்வளவுதான். அதிலும் நம் பெண்கள் காகிதத்தில் ஏறியதெல்லாம் அநேகமாக அடுத்தவன் கணக்குக்காக. அப்படிப்பட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டியைத் தேட முடியுமா? தேடினால் யார் கிடைப்பாள்? இந்தக் கேள்விகளோடுதான் கயூத்ரா பகதூர் எழுதி 2013-ல் வெளிவந்த 'கூலி வுமன்' என்ற ஆங்கில நூலை வாசித்தேன்.

கயூத்ரா கயானாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். பத்திரிகையாளர். அவர் தேடிப்போனது தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவை. 1903-ல் கல்கத்தாவில் 'கிளைடு' என்ற கப்பலில் ஏறி, அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டத்துக்குப் போனவள் சுஜாரியா. பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தில் கறுப்பின அடிமை முறை 1834-ல் சட்டப்படி ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1838-ல் முதல் கப்பல்கள் இங்கிருந்து கயானாவுக்குப் போயின. ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போன அந்தச் சனத்தைத்தான் ஒப்பந்தக் கூலிகள் என்கிறோம்.

சுஜாரியாவைப் பற்றிய முதல் சாட்சி அவளுடைய கப்பல் சீட்டு. அதில் அவளுக்கு வயது 27. காலில் தீக்காயத் தழும்பு. சாதி பிராமணர். ஊர் பீகாரில், இன்றைய சாப்ரா பக்கம். புருஷன் கூட வரவில்லை. வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. அந்தப் பிள்ளை கப்பலிலேயே பிறந்தது. அதுதான் கயூத்ராவின் தாத்தா.

சீட்டைக் கவனமாகப் பாருங்கள். தழும்பு எங்கே இருக்கிறது என்று இருக்கிறது. எப்படி வந்தது என்று இல்லை. கர்ப்பம் என்று இருக்கிறது. யாரால் என்று இல்லை. ஏன் கிளம்பினாள் என்று கேட்பதற்கு அந்தக் காகிதத்தில் கட்டமே கிடையாது. ஆள் தப்பி ஓடினால் அடையாளம் கண்டு பிடிக்க என்னென்ன தேவையோ அவ்வளவுதான் குமாஸ்தாவுக்கு வேண்டும். மாட்டுத் தாவணியில் சுழி பார்க்கிற வேலைதான் அது.

இந்த இடத்தில் கயூத்ரா செய்வதுதான் நூலின் பெரிய பலம். ஓட்டையை அவர் கதை கட்டி அடைக்கவில்லை. விதவையா, கைவிடப்பட்டவளா, தானே விட்டுவிட்டு வந்தவளா, ஆள்பிடிக்கிற தரகன் ஏமாற்றினானா, தெரிந்தேதான் ஏறினாளா என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார். பதில் கிடைக்காத கேள்விகளைக் கேள்விகளாகவே அச்சில் விட்டுவைக்கிறார். பிறகு சுஜாரியாவுக்குக் கிடைக்காத சாட்சியத்தை, அவளைப் போலவே போன பல நூறு பெண்களின் துண்டு துணுக்குகளிலிருந்து சேர்க்கிறார்: கப்பல் டாக்டர்களின் குறிப்பு, தோட்டத்து விசாரணை, கோர்ட்டு வாக்குமூலம். ஒருத்தியைத் தேடப் போய் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வருகிறார்.

அந்தக் கூட்டத்தின் கதை அழுகைக் கதை மட்டுமில்லை. 100 ஆணுக்கு 40 பெண் என்று கப்பலில் கணக்குக் கேட்டது காலனி அரசு. தோட்டத்தில் பெண்கள் குறைவு. அதனால் அங்கே போனவளுக்கு ஊரில் இல்லாத ஒரு பிடிமானம் கிடைத்தது. பிடிக்காதவனை விட்டு இன்னொருவனோடு வாழ முடிந்தது. அந்தப் பிடிமானத்துக்கு அவள் கொடுத்த விலையையும் நூல் மறைக்கவில்லை. கரும்பு வெட்டுகிற அதே கத்தியால் புருஷன்மார் பெண்களை வெட்டினார்கள், மூக்கை அறுத்தார்கள், கொன்றார்கள். அதிகாரிகள் இதற்குப் 'பெண்சாதிக் கொலை' என்று தலைப்புப் போட்டுப் பைல் திறந்து, பெண்களின் ஒழுக்கக்கேட்டைக் காரணமாக எழுதினார்கள். வெட்டியவனைவிட வெட்டுப்பட்டவளின் நடத்தையைத்தான் அதிகம் விசாரித்தார்கள். இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

நூலின் தலைப்பிலேயே வசைச்சொல்லை வைத்திருக்கிறார் கயூத்ரா. அங்கே 'கூலி' என்று கூப்பிட்டால் இன்றும் சுருக்கென்று தைக்கும். அது நம் சொல். தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கிற காசு. ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரி என்போம். வெள்ளைக்காரன் வாயில் காசே ஆளாகிவிட்டது. இந்தச் சொல் குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு பக்கம் சம்பளம், மறுபக்கம் சாதி. எதிலிருந்து வந்திருந்தாலும் ஆளுக்கு இருந்த சொந்தப் பெயர் போனது போனதுதான்.

இனி என் விவாதத்துக்கு வருகிறேன். கயூத்ரா பெண் என்ற கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார். நாம் அதே காகிதத்தில் சாதிக் கட்டத்தில் விரலை வைத்து நிற்க வேண்டியிருக்கிறது. பார்ப்பனப் பெண் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு தனியே கூலிக் கப்பல் ஏறினாள் என்றால், கேட்பவர்களுக்கு 'ஐயோ, ஏன்?' என்று தோன்றும். அவளுக்கு ஒரு வீழ்ச்சி இருக்கிறது. வீழ்ச்சி இருப்பதால் ஒரு கதை இருக்கிறது. அதே கட்டத்தில் சமார் என்றோ பறையர் என்றோ இருந்தால் 'ஏன்' என்ற கேள்வியே எழுவதில்லை. கூலிக்காரி கூலிக்குப் போனாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று வாசிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்கப்படுவதும் ஒரு சாதிச் சலுகைதான்.

குந்தியின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோரக்பூர் பக்கத்திலிருந்து பிஜித் தீவுக்குப் போன இளம்பெண். வாழைத் தோட்டத்தில் தனியாக வேலைக்கு விடப்பட்டபோது வெள்ளை ஓவர்சியர் பலாத்காரம் செய்ய வந்தான். அவனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள், பிழைத்தாள். 1913-ல் கல்கத்தாவின் 'பாரத மித்ரா' பத்திரிகையில் அவள் கதை வந்ததும் நாடே கொதித்தது. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான தேசியவாதிகளின் இயக்கத்தில் அவள் பாரதப் பெண்மையின் கற்புக்கு அடையாளமானாள். 1917-ல் கூலிகளை அனுப்புவது நின்றதற்கு அந்தக் கொதிப்பும் ஒரு காரணம். பிரிஜ் லால் என்ற வரலாற்றாசிரியர் 1985-ல் எழுதிய கட்டுரையில் அவளுடைய ஆவணம் பேசுகிறது: அவள் சமார் பெண்.

ஊரில் இருந்தவரை அந்தப் பெண்ணின் மானத்துக்கு எந்த ஜமீன்தார் காவல் நின்றான்? கடல் தாண்டி, வெள்ளைக்காரன் கை வைத்த பிறகுதான் அவள் 'நம் சகோதரி' ஆனாள். சகோதரி ஆன நிமிஷமே சாதிக் கட்டம் உதிர்ந்துவிட்டது. குமாஸ்தாவின் காகிதம் அவளைச் சாதியாக மட்டும் எழுதியது. தேசியத்தின் காகிதம் சாதியைத் துடைத்துவிட்டுக் கற்பாக மட்டும் எழுதியது. ஆற்றில் குதித்த கால் இரண்டிலும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தக் கூலி முறையை 'புதிய அடிமைமுறை' என்று ஹியூ டிங்கர் 1974-ல் எழுதினார். சரிதான். ஆனால் பழைய அடிமைமுறை ஒன்று ஊரிலேயே இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரை உண்மை. அடிமைகள் மீது யாரும் சட்ட உரிமை கோர முடியாது என்று 1843-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் செங்கல்பட்டுப் பறையர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை என்று 1891-ல் கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மிராசுதாரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசை காலி. அந்தக் குடிசையிலிருந்து கிளம்பிய பெண்ணுக்குக் கப்பல் என்னவாகத் தெரிந்திருக்கும்? நரகம் என்று நாம் சொல்லலாம். அவளுக்கு அது வாசல் கதவாகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணியாத வரலாறு அவள் வரலாறு ஆகாது.

தமிழ்ப் பெண்களைத் தேடுவதற்கு வழி உண்டா? நேட்டாலுக்குப் போனவர்களுக்கு உண்டு. 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். ஆளுக்கொரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், அங்க அடையாளம் என்று பதிவேடு இருக்கிறது. சாதிக் கட்டத்தில் பறையர் என்றும் வன்னியர் என்றும் இருக்கும். கிறிஸ்தவர் என்றும் இருக்கும். ஞானஸ்நானம் வாங்கியவள் மதத்தைச் சொல்லிச் சாதிக் கட்டத்தைக் கடந்திருக்கிறாள். கேட்ட குமாஸ்தாவின் காது எப்படிக் கேட்டதோ அப்படித்தான் ஊர்ப் பெயர். சாதியும் அப்படியே. வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் இருப்பார்கள். பொய் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யும் அவள் செய்த ஒரு காரியம்தான். அதையும் வரலாறாகவே வாசிக்க வேண்டும்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி கூட்டிப்போன பெண்களுக்கு இந்தக் கதிகூட இல்லை. ஆளுக்கொரு ஒப்பந்தச் சீட்டு அந்த முறையில் கிடையாது. கங்காணியின் கடன் கணக்கில் அவள் ஒரு தலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் அடையாளமும் நம்பரும் இருக்கும். அவள் பெயர் இருக்காது. தொலைதூரம் போனவளுக்குக் காகிதம் இருக்கிறது, பக்கத்தில் போனவளுக்கு இல்லை. ஆவணக் காப்பகத்தை நம்பி மட்டும் வம்சாவளி எழுதினால், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தே செத்தவள் இரண்டாம் முறையும் சாவாள்.

அங்கேதான் வாய்ப்பேச்சு வேண்டியிருக்கிறது. எங்க ஆயாவுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். அவளைப் பற்றி ஆயா சொன்னது இவ்வளவுதான்: "அவ ஒரு ஓடுகாலிடா. களத்துல நெல்லு தூத்திக்கினு இருந்தவ, மொறத்த அப்பிடியே போட்டுட்டு எழுந்து போய்ட்டா. கப்ப ஏறிட்டான்னாங்க." பெயர் கேட்டால், "கறுப்பின்னு கூப்புடுவாங்க" என்பாள். எந்தக் கப்பல், எந்த ஊர், ஒன்றுமில்லை. ஆனால் கப்பல் சீட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லாத ஒரு விஷயம் அந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. அவள் எந்த வேலையை நடுவில் போட்டுவிட்டுப் போனாள், யார் களத்து முறத்தைக் கீழே வைத்தாள் என்பது இருக்கிறது. கயூத்ரா 'கூலி'யை எடுத்துத் தலைப்பில் வைத்த மாதிரி, நாம் 'ஓடுகாலி'யை எடுத்து வைக்கலாம். எதிலிருந்து ஓடினாள் என்று கேட்டால் அந்தச் சொல்லின் வசை, சொன்னவர்கள் பக்கம் திரும்பிவிடும்.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. நம்மிலும் சிலர் வம்சாவளி என்று கிளம்பினால் நேரே அரண்மனைக்குத்தான் போகிறார்கள். நாங்களும் ஆண்ட பரம்பரை, எங்கள் பாட்டனும் சிம்மாசனத்தில் இருந்தான் என்கிறார்கள். அடிமைப்பட்டவனுக்கு அந்த ஆசை வருவது புரிகிறது. ஆனால் அந்த ராஜாவின் அரண்மனையில் நம் பெண் எங்கே இருந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. ராஜா வம்சம் ஆண்வழியாகவே இறங்கும். ஓடுகாலிகளை அது கணக்கில் சேர்க்காது. சுஜாரியாவைத் தேடிய கொள்ளுப்பேத்தி அவளை மகாராணி ஆக்கவுமில்லை, பத்தினி ஆக்கவுமில்லை. கர்ப்பத்தோடு தனியே போனவளை அப்படியே தன் முன்னோராக ஏற்றுக்கொண்டாள். அந்தத் துணிச்சல்தான் நாம் இந்த நூலிலிருந்து கற்க வேண்டியது.

மாணவத் தோழர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு தலைப்பு திண்ணையில் உட்கார்ந்திருக்கும். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், பதில் வராது. எந்தப் பஞ்சத்தில், யார் பண்ணையில், யார் கல்யாணத்துக்கு முன்னால் என்று கேளுங்கள். யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்களோ அவளைப் பற்றி முதலில் கேளுங்கள். ஆயா சொல்கிற சொல்லைச் செந்தமிழாக்காமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பதிவேட்டுக்குப் போங்கள். அங்கே சாதிக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள், அதிலேயே நின்றுவிடவும் வேண்டாம். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். எழுதியதை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள்.