நெருப்பும் நினைவும்

இங்கிலாந்தின் தென்பகுதிச் சிற்றூர் லூயிஸ். கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில், 1555 முதல் 1557 வரை, அங்கே உயிரோடு கொளுத்தப்பட்ட புராட்டஸ்டண்டுகள் 17 பேர். ஆண்டுதோறும் நவம்பர் 5-ஐ ஒட்டி ஊரார் எடுக்கும் தீப்பந்த விழாவிலே, அவர்களுக்காக 17 சிலுவைகள் எரிந்தபடி ஊர்வலம் வருகின்றன. பந்தம் செய்வோரும் உடை தைப்போரும் ஊர்ச் சங்கத்தாரே, கூலியில்லை, (தட்சணையுமில்லை!). அந்த உழைப்பைப் போற்றுகிறேன். காட்சியும் உள்ளத்தை உலுக்கக்கூடியதே. ஆனால், 1605-இல் போப்பான ஐந்தாம் பவுலின் உருவத்தை ஒரு சங்கம் அதே இரவில் கொளுத்துகிறதே, கொளுத்தப்பட்டோருக்குச் செய்யும் மரியாதை அதுவா, தோழர்களே? ‘பகுத்தறிவு யுகம்’ தீட்டிய தாமஸ் பெயின் 1768 முதல் 1774 வரை வாழ்ந்த ஊரன்றோ அது!

மரபு என்பார்கள். முகத்தில் கரிபூசி ஜூலு வேடமிடுவதும் மரபாகத்தான் இருந்தது. 2017-இல் எதிர்ப்பு எழுந்தது, வேடமிட்ட சங்கம் கரியைக் கைவிட்டது. விழாவா நின்றுவிட்டது?